இரண்டாம் உலகப் பீர்

ஜனவரி 19, ஞாயிறு

சம்பந்தி கந்தவேல் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவர் வருகிற நாளில் எங்கள் வீட்டில் வடை, பாயசம், இரண்டு பொரியல். மற்ற நாட்களில் ரசம். இது பற்றி சௌந்தரியிடம் ஒருமுறை கேட்டேன். "பொண்ணைக் குடுத்திருக்கறமுங்க" என்றாள். நான்தான் அந்தப் பொண்ணின் அப்பா என்பது கணக்கில் வரவில்லை.

கந்தவேலுக்கு ராம்நகரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்க் கடை. அவருடைய ஒரே மகன் மிதுனுக்குத்தான் எங்கள் இளவேனிலைக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் பெல்ஜியத்தில், லூவன் என்ற ஊரில் இருக்கிறார்கள். வேனிலுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை.

இரண்டாவது வடையில் இருக்கும்போது கந்தவேல் சொன்னார். "ஜூன்ல ஒரு ட்ரிப் போயிட்டு வரலாமுங்க சம்பந்தி. புள்ளைகளையும் பார்த்த மாதிரி ஆச்சு. அந்தப் பக்கம் பீரு அமோகமா இருக்குமாமா."

பெல்ஜியம் என்றதும் அவருக்குப் பீர் நினைவுக்கு வருகிறது. இரண்டு உலகப் போர்களும் அந்த நாட்டின் மேல்தான் நடந்துபோயின என்று விளக்கினேன். லூவன் நூலகத்தை முதல் போரில் ஒருமுறை எரித்தார்கள், திரும்பக் கட்டியதை இரண்டாம் போரில் மறுபடி எரித்தார்கள் என்றேன். அவர் மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப உங்க போரும் என் பீரும் ஒரே பக்கத்துலதான் இருக்குதுங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க."

அரசு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஐரோப்பிய வரலாறு நடத்தியிருக்கிறேன். பதுங்குகுழியைக் கரும்பலகையில் நான் வரைந்தால் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து பார்ப்பார்கள். ஒரு பதுங்குகுழியையும் நேரில் பார்த்ததில்லை. எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. மிகவும்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் சௌந்தரி. அவளுக்கு முழங்கால் வலியாம். தைப்பூசத்துக்கு மருதமலைப் படி ஏற நேற்றுத்தான் பக்கத்து வீட்டில் பேசி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 22, புதன்

ஒரு நாளைக்கு ஒரு போர், ஒரு பீர். இதுதான் கந்தவேலின் திட்டம். காலையில் போர், மாலையில் பீர். மாற்றிச் செய்தால் போர் நினைவில் நிற்காது என்கிறார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லாத முதல் விஷயம் இது.

ஃபோனில் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. கடையிலிருந்து குரல் பதிவாக அனுப்புகிறார். பின்னால் எப்போதும் ஒரு மோட்டார் ஓடுகிறது. காலையில் எழுந்ததும் அந்தச் சத்தத்தைக் கேட்பது பெரிய தொல்லையாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

இரு வீட்டு உறவினர்களும் இருக்கும் வாட்ஸப் குழுவில் பயணத்தை முறைப்படி அறிவித்தேன். நான் எழுதி, நானே இருமுறை படித்துப் பார்த்து அனுப்பியது இது:

"அன்புடையீர், நானும் சம்பந்தி அவர்களும் வரும் ஜூன் மாதம் பெல்ஜியம் செல்கிறோம். முதல் உலகப் பீர், இரண்டாம் உலகப் பீர் ஆகியவை நிகழ்ந்த இடங்களைக் கண்டு, பீரில் இன்னுயிர் நீத்த லட்சக்கணக்கான வீரர்களுக்கு அஞ்சலி செலுத்த உள்ளோம்."

நடந்தது என்னவென்றால், ஒரு வாரமாகக் கந்தவேலுக்குப் பீர் பீர் என்று பதில் எழுதியதில் என் ஃபோன் அதை என் விருப்பச் சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டது. சௌந்தரியின் அண்ணன் கைகூப்பிய படமும் கோப்பைப் படமும் சேர்த்துப் போட்டார். என்னிடம் படித்த ஒரு மருமகன் முறைப் பையன், "சார், தேர்வில் இதை எழுதியிருந்தால் மார்க் போட்டிருப்பீர்களா?" என்று கேட்டிருந்தான்.

"திருத்தம்: போர்" என்று உடனே போட்டேன். அன்னூரில் விவசாயம் பார்க்கும் கந்தவேலின் பெரியப்பா அதை மட்டும் படித்துவிட்டு, "பெல்ஜியத்துல போர் போடப் போறீங்களா? எத்தனை அடி?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. கந்தவேலும் கூடப் போவதால் மோட்டார் வியாபாரம் என்றே முடிவுகட்டிவிட்டார்.

வேனில் சிரிக்கிற முகம் போட்டாள். மிதுன் பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

ஜனவரி 27, திங்கள்

அன்னூர்ப் பெரியவர் மறுபடி கேட்டார், அங்கே தண்ணீர் எத்தனை அடியில் என்று. "இருபது அடிங்க பெரியப்பா" என்று கந்தவேல் பதில் அனுப்பியிருக்கிறார். நான் தலையிடவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கந்தவேல் வீட்டு மொட்டைமாடியில் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாகப் பீர் குடித்தேன். கசாயம்தான், குளிர வைத்திருக்கிறார்கள்.

"டக்குன்னு முழுங்கக் கூடாதுங்க. மோந்து பாருங்க. வாய்ல கொஞ்ச நேரம் வெச்சிருங்க. இப்ப என்ன தெரியுது?"

"கசப்பு."

"அதுக்குப் பின்னால?"

"மறுபடியும் கசப்பு."

மனிதர் ஏமாற்றத்தை வெளியே காட்டவில்லை. நான் முதலாண்டு மாணவர்களிடம் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

ஜெர்மனியில் கொலோன் நகரத்து வழக்கம் ஒன்றைச் சொன்னார். அங்கே சின்னக் கோப்பையில்தான் பீர் வருமாம். காலியாகக் காலியாகப் பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பாராம். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து மேலே மூடிவிட வேண்டும். நம் ஊரில் இலையை மடிப்பது போல.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"வேனில் சொன்னாளுங்க" என்றார். பிறகு கடலையை என் பக்கம் தள்ளினார். "மிதுன் இப்ப கொலோன்லதான இருக்கான். ஆறு மாசப் புராஜெக்ட்."

எனக்குத் தெரிந்த விஷயம்போலத் தலையாட்டினேன். தெரியாது. என் மகள் என்னிடம் வெயிலைப் பற்றியும் குளிரைப் பற்றியும் மட்டும்தான் பேசுகிறாள்.

கந்தவேலின் மனைவி மல்லிகா முறுக்குத் தட்டை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். எப்போதும் "வேனில் எப்படி இருக்கா?" என்று கேட்பார். இன்று மறந்துவிட்டார் போலிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கொலோனில் எங்கே தங்குவது என்று கேட்க, கந்தவேலின் கடையிலிருந்து மிதுனை வீடியோவில் கூப்பிட்டோம். "உங்க ஃபோன்லயே கூப்பிடுங்க சம்பந்தி" என்றார் கந்தவேல். அவர் ஃபோனில் சார்ஜ் இல்லையாம். மேஜைமேல் அது சார்ஜரில்தான் கிடந்தது.

மாப்பிள்ளை இளைத்திருந்தார். "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றார். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு கிளிப்பச்சை நிறக் கிரைண்டர் இருந்தது. அதன் மேல் ஒரு பூந்தொட்டி.

அந்தக் கிரைண்டர் நான் வாங்கியது. சீர்வரிசையில் வைத்து, பிறகு கப்பலில் அனுப்பியது. நிறம் சௌந்தரியின் தேர்வு. லூவனில் சனிக்கிழமை தோறும் வேனில் அதில் மாவாட்டி, ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இட்லி கொடுப்பாள் என்று கேள்வி. ஆறு மாத வேலைக்குப் போகிறவன் சட்டை பேண்ட் எடுத்துப் போவான். கல் வைத்த கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறமாட்டான். ஏறினாலும் அதன் மேல் செடி வைக்கமாட்டான்.

"அங்க இட்லி எல்லாம் செஞ்சுக்கறீங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங்க மாமா. பிரெட்டுதானுங்க."

கந்தவேல் திடீரென்று என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, புதிதாக வந்த மோட்டார் ஒன்றை மகனுக்குக் காட்ட ஆரம்பித்தார். மகன் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மிதுன் வீட்டில் நம் கிரைண்டர் மாதிரி ஒன்று இருந்தது என்று சௌந்தரியிடம் சொன்னேன். "ஊர்ல பச்சைக் கலர்ல வேற கிரைண்டரே இருக்காதுங்களா?" என்றாள். நான் நிறத்தைச் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வழித்திட்டம் முடிவாகிவிட்டது. முதலில் லூவன். பிறகு ஈப்பர் நகரம், அங்கே முதல் உலகப் போரில் காணாமல் போனவர்களின் பெயர்களைப் பொறித்த பெரிய வாயில் இருக்கிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு அதன் கீழே ஊதுகொம்பு ஊதுவார்கள். பக்கத்து ஊரில் பீருக்குப் போடும் பூ விளைகிறது. கந்தவேலுக்கு அந்தத் தோட்டம், எனக்கு அந்த வாயில்.

அங்கிருந்து பஸ்டோன் போர்க்களம் என்று நான் நினைத்திருந்தேன். கந்தவேல் கொலோன் என்றார். கொலோனில் என்ன போர் என்று கேட்க வாயெடுத்தவன், குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமாகியும் அந்த ஊர்த் தேவாலயம் நின்றது, ஆகவே அதுவும் போர் நடந்த இடம்தான் என்று நானே சொல்லிவிட்டேன். வாதத்தில் நான் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததைக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் கொலோன்ல நாலு பேருக்கு டேபிள் சொல்லிரலாமுங்க" என்றார்.

யார் அந்த நாலு பேர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. லூவனிலிருந்து கொலோன் ரயிலில் இரண்டு மணி நேரம்தான்.

இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வேனிலுக்காகப் பயம். அதற்கு அடுத்து இன்னொன்று, எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கல்யாணம் போய்விட்டால் ஒரு மோட்டார் வியாபாரியும் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாரும் ஒரே அறையில் உட்கார எந்த முகாந்திரமும் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

வேனில் கூப்பிட்டாள். "அப்பா, ஜூன்ல வராதீங்க" என்றாள். பிறகு சொன்னாள். போன ஐப்பசியிலேயே பிரிந்துவிட்டார்கள். கொலோனில் புராஜெக்ட் எதுவும் இல்லை, அங்கே வேலையே மாற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்து முறைப்படி விலகப் போகிறார்கள்.

"சண்டைன்னு ஒண்ணும் இல்லப்பா. பேச்சே நின்னு போச்சு. ரெண்டு பேரும் ஒரு வீட்ல இருந்துட்டு, ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்போம்."

நான் கேட்டேன்: உடனடிக் காரணம் என்ன, அடிப்படைக் காரணங்கள் என்னென்ன?

"அப்பா, இது பத்து மார்க் கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சௌந்தரிக்கு எல்லாம் முன்பே தெரியும். காபி கொண்டுவந்து வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். காபி ஆறிப்போனது. அழுதேன்.

மார்ச் 9, ஞாயிறு

அன்னூர்ப் பெரியவர் வீட்டுக் கல்யாணம். முன்பே ஒப்புக்கொண்டது, போகாமல் இருக்க முடியவில்லை. பந்தியில் எதிர் வரிசையில் மல்லிகா உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிகிற நேரத்தில் நல்ல உரத்த குரலில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னார்.

"எம் பையன் கல்யாணத்தன்னைக்கே இவரு இலையை வெளிப்பக்கமா மடிச்சாருங்க. எங் கண்ணால பார்த்தேன். அன்னைக்கே நெஞ்சு திக்குன்னுச்சு."

சாப்பிட்ட இலையை நம் பக்கமாக மடித்தால் உறவு நீடிக்கட்டும் என்று பொருள். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில். அன்றைக்கு நான் எந்தப் பக்கம் மடித்தேன் என்பது சத்தியமாக எனக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு வெர்சாய் உடன்படிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை தன் போக்கில் மடித்திருக்கும்.

சௌந்தரி எழுந்து நின்றாள். "இலையை விடுங்க. எம் பொண்ணு மாவாட்டற கிரைண்டரை உங்க பையன் எதுக்குங்க தூக்கிட்டுப் போனான்? செடி வைக்கறதுக்கா?"

மண்டபத்தில் எல்லோரும் இலையை மடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் மடித்தாலும் வம்பு என்று நினைத்திருக்கலாம்.

கை கழுவுகிற இடத்தில் கந்தவேல் நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்துக் குழாயைத் திறந்தேன். இருவரும் வெகுநேரம் கை கழுவினோம்.

மார்ச் 10, திங்கள்

"இனிமே அந்த வீட்டுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க" என்று சௌந்தரி அறிவித்துவிட்டாள்.

சம்பந்தம் இருக்கிறவர் சம்பந்தி. சம்பந்தம் போனால் அவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். முன்னாள் முதல்வர் உண்டு, முன்னாள் மாணவர் உண்டு. முன்னாள் சம்பந்தி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மார்ச் 12, புதன்

ஃபோனில் மோட்டார் சத்தம் வந்து மூன்று நாளாகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. பிடிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

காலை நடை முடிந்து வழக்கமான பேக்கரியில் டீ சொன்னபோது கந்தவேல் உள்ளே உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு தேங்காய் பன். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். அவர் வீடு இருப்பது ஊரின் அந்தக் கோடியில். தற்செயலாக வந்ததாகச் சொல்ல அவரும் முயலவில்லை.

"எனக்கு தீபாவளிக்கே தெரியுமுங்க" என்றார். "வேனில் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்கிட்டப் பேசும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னை அப்படியே வைத்தேன். "எம் பொண்ணு. எங்கிட்டச் சொல்லாம உங்ககிட்டப் பேசியிருக்கா. நீங்களும் ரெண்டு மாசமா பீர் பீர்னு நாடகம் ஆடியிருக்கீங்க."

"சொல்லாதீங்க மாமான்னு சொல்லுச்சுங்க. அப்பாவுக்குக் கேக்கத் தெரியாது, பாடம் எடுப்பாருன்னு."

பேக்கரிப் பையன் டீயை வைத்துவிட்டுப் போனான். வேனில் சொன்னது சரியான விடை.

"உங்களை எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயி வேனில் முன்னால நிறுத்திட்டா, அதுவே சொல்லிரும்னு பார்த்தேனுங்க. நேர்ல பார்த்தா நீங்க அவ்வளவா பேசமாட்டீங்க. அதுக்குத்தான் இந்த ட்ரிப்பு."

"நாலு பேர் டேபிள்?"

"அது என் பேராசைங்க."

பிறகு தன் கதையைச் சொன்னார். விஷயம் தெரிந்த அன்றே மகனைத் தாறுமாறாகத் திட்டிவிட்டாராம். அதிலிருந்து மிதுன் அவர் ஃபோனை எடுப்பதில்லை. அன்றைக்குக் கடையிலிருந்து என் ஃபோனில் கூப்பிட்டதால்தான் எடுத்தான். ஐந்து மாதத்தில் மகன் முகத்தை அவர் பார்த்தது அன்று மட்டும்தான். மோட்டாரைக் காட்டிக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

"உங்க மேல அவனுக்கு மரியாதைங்க. நீங்க போயி அவனைப் பாருங்க. நான் வேனிலைப் பார்க்கறேன். அவங்கவங்க புள்ளைய அவங்கவங்க பார்த்தா சரிவராது போலிருக்குது."

நான் பன்னை எடுத்துக்கொண்டேன். விசாவுக்கு வாங்கிய தேதியை ரத்து செய்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நீங்க?"

"இல்லை."

மார்ச் 23, ஞாயிறு

வேனிலைக் கூப்பிட்டேன். எதையும் கேட்பதில்லை, விளக்குவதில்லை என்று முடிவெடுத்து, "எப்படிம்மா இருக்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முதலில் குளிரைச் சொன்னாள். நான் சும்மா இருந்தேன். அப்புறம் வீட்டைப் பற்றிச் சொன்னாள், சனிக்கிழமை வந்தால் என்ன செய்வது என்றே தெரியவில்லை என்றாள், கிரைண்டரை அவள்தான் எடுத்துப் போகச் சொன்னாளாம், அதைப் பார்த்தால் அழுகை வந்ததால். பிறகு நிறையப் பேசினாள். நான் இங்கே எழுத மாட்டேன்.

நடுவில் ஒருமுறை, "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேம்மா."

கடைசியில், "மாமாவும் நீங்களும் வாங்க. ஆனா மியூசியத்துல நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி விளக்கக் கூடாது" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சென்னை. விசா அலுவலகம். கந்தவேல் கோட்டு போட்டு வந்திருந்தார். மிதுன் கல்யாணத்துக்குத் தைத்தது, பொத்தான் எட்டவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். இருவர் காகிதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஃபேமிலியா சார்?"

நான் கந்தவேலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சம்பந்திங்கம்மா" என்றார் அவர்.

"அப்படின்னா இங்கிலீஷ்ல என்ன சார் போடறது?"

யோசித்துப் பார்த்தேன். அந்த மொழியில் அதற்கு ஒரு சொல் கிடையாது. பாதி உலகத்தை ஆண்டவர்கள், மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டு ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்களோ தெரியவில்லை.

"ரிலேட்டிவ்னு போட்டா ப்ரூஃப் கேப்பாங்க சார். உங்க பொண்ணு, இவங்க பையன் மேரேஜ் சர்டிஃபிகேட் இருந்தா வைங்க."

கந்தவேல் கோட்டுப் பொத்தானைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஃபிரண்ட்ஸ்னு போட்டுக்கம்மா" என்றேன் நான்.

"அதுக்கு ப்ரூஃப் வேண்டாமுங்களா?" என்று கந்தவேல் கேட்டார்.

"அதுக்கு வேண்டாம் சார்."

இருவரும் பத்து விரலையும் கைரேகைக் கண்ணாடியில் அழுத்திவிட்டு வந்து சரவணபவன் மாதிரி ஒரு இடத்தில் சாப்பாடு சாப்பிட்டோம். இலையை என் பக்கமாக மடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.

ஜூன் 4, புதன்

பெட்டி கட்டியாகிவிட்டது. சௌந்தரி மல்லிகாவோடு இன்னும் பேசுவதில்லை. ஆனால் பருப்புப் பொடி இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறாள். ஒன்றில் வேனில் பெயர். இன்னொன்றில் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பிரெட்டையே தின்னுட்டு இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

ஜூன் 11, புதன்

ஈப்பர். இரவு எட்டு மணி என்றாலும் பட்டப்பகல்போல வெளிச்சம். வாயிற்சுவர் முழுக்கப் பெயர்கள், நம் நாட்டுப் பெயர்களும். கந்தவேல் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார். "இத்தனை பேரையும் தேடிட்டு ஊர்ல யாரோ இருந்திருப்பாங்களேங்க" என்றார்.

கொம்பு ஊதி முடிந்தது. வேனில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று. சொல்வதற்கு என்னிடம் ஒரு மணி நேரப் பாடம் இருந்தது. நான் ஆரம்பிக்கவில்லை. சற்று நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு அவள் அப்படிப் பிடித்து நினைவில்லை.

ஜூன் 14, சனி

கொலோன். வேனில் வரவில்லை. வரமாட்டாள் என்று முன்பே சொல்லிவிட்டாள், நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

பகலில் நான் மட்டும் மிதுன் வீட்டுக்குப் போனேன். அவனும் பேசினான். நானும் கேட்டேன். கேட்பது இப்போது கொஞ்சம் வருகிறது. கிளம்பும்போது, "அப்பா சாயங்காலம் அங்க இருப்பாருங்களா?" என்று கேட்டான். இருப்பார் என்றேன்.

சாயங்காலம் பீர்க்கடைக்கு மிதுன் கிரைண்டரோடு வந்தான். "வேனில்கிட்டக் குடுத்துருங்க மாமா. இப்ப வேணும்னு மெசேஜ் போட்டிருந்தா." கடையில் கீழே வைக்க இடமில்லை. ஆகவே நாலு பேர் டேபிளில் நான், கந்தவேல், மிதுன், நாலாவது நாற்காலியில் கிளிப்பச்சைக் கிரைண்டர். பரிமாறுகிறவர் அதைப் பார்த்தார், அதற்கு முன்னாலும் ஓர் அட்டை வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவும் மகனும் ஆளுக்கு ஒரு கோப்பை முடித்தார்கள். இரண்டாவது வந்தது. அதுவும் முடிந்தது. மூன்றாவது கோப்பையில் கந்தவேல், "கொஞ்சம் இளைச்சுட்ட சாமி" என்றார். மிதுன் குனிந்துகொண்டான். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். மிதுன், "பரவால்லீங்கப்பா" என்றான். அதற்கு மேல் இருவராலும் முடியவில்லை. நான் தேவாலயத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன், யாரும் தடுக்கவில்லை.

சௌந்தரி அங்கே என்ன நிலவரம் என்று கேட்டிருந்தாள். "போர் ஓய்ந்தது" என்று அடித்தேன். ஃபோன் "பீர் ஓய்ந்தது" என்று அனுப்பியது. "நல்லது, ரூமுக்குப் போய்ப் படுங்க" என்று பதில் வந்தது.

மிதுன் காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று பருப்புப் பொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகும்போது அப்பாவின் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனான். கந்தவேல் அந்தத் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

என் கோப்பை காலி. அடியிலிருந்த அட்டையை எடுத்தேன். அதில் பரிமாறுகிறவர் கோப்பைக்கு ஒரு கோடாகப் பென்சிலால் கிழித்திருந்தார். மூடிவிட்டால் முடிந்தது. ஆனால் இதை நம் பக்கமாகக் கவிழ்க்க வேண்டுமா, எதிர்ப்பக்கமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

கந்தவேல் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு இந்த வேலையே வேண்டாமுங்க சம்பந்தி" என்றார்.

பரிமாறுகிறவர் வந்து, கேட்காமலே இருவர் முன்னாலும் அடுத்த கோப்பையை வைத்தார்.